23 வயதில் ஒரு தங்கம், 47 வயதில் இன்னொன்று: ராபர்ட் வீல் எப்படி இத்தனை காலம் நின்றார்?

கேள்வி இதுதான்: வேல்ஸ் நாட்டு லான் பவுல்ஸ் வீரர் ராபர்ட் வீல் 1986-ல் காமன்வெல்த் தங்கம் வாங்கினார், 24 வருஷம் கழித்து 2010-ல் டெல்லியில் மறுபடியும் வாங்கினார், இது உண்மையிலேயே பெரிய சாதனையா, இல்லை ரிட்டயர்டு ஆனவர்கள் பொழுதுபோக்காக ஆடும் விளையாட்டு என்பதால்தான் நடந்ததா? கேட்டவர் வயதைக் கேட்கிறார் என்று தோன்றும். உண்மையில் கேட்பது வேறு. இந்த ஆட்டத்தில் திறமை எங்கே குடியிருக்கிறது, அது எதனால் தேய்கிறது, எது தேயாமல் தங்குகிறது என்பதே உள்ளே இருக்கும் கேள்வி. அதைப் பிரித்துப் பார்த்தால் வீலின் கணக்கு புரிந்துவிடும்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்கள். வீல் பிறந்தது 1963 ஏப்ரல் 3. பிரஸ்டீன் ஊர்க்காரர், நடு வேல்ஸில் பவிஸ் மாவட்டத்தில் இங்கிலாந்து எல்லையை ஒட்டிக் கிடக்கும் சிறிய ஊர் அது. 1986 எடின்பரோ காமன்வெல்த் போட்டியில், நால்வர் ஆட்டத்தில், ஹாஃபட் தாமஸ், ஜிம் மார்கன், வில் தாமஸ் ஆகியோரோடு சேர்ந்து தங்கம் வென்றார். அப்போது வயது 23. 2000-ல் உள்ளரங்க ஒற்றையர் உலக சாம்பியன். 2010 அக்டோபரில் டெல்லியில் ஒற்றையர் தங்கம், 47 வயதில். இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்ற ஆஸ்திரேலியாவின் லெய்ஃப் செல்பி லேசான ஆள் இல்லை; இரண்டே வருஷம் கழித்து அடிலெய்டில் அதே செல்பி வெளிப்புல்தரை உலக சாம்பியன் ஆனார்.

'கிழவர்கள் விளையாட்டு' என்ற பேச்சை டெல்லியே பாதி உடைத்துவிட்டது. ஆண்கள் ஒற்றையர் தங்கம் 47 வயது வீலுக்குப் போன அதே போட்டியில் பெண்கள் ஒற்றையர் தங்கம் இங்கிலாந்தின் நடாலி மெல்மோருக்குப் போனது. அவருக்கு வயது 21. ஒரே தரை, ஒரே விதி, ஒரே வாரம். மறுபக்கம், இங்கிலாந்தின் டேவிட் பிரையன்ட் 1966-ல் 34 வயதில் உலக ஒற்றையர் பட்டம் வென்றவர், 1988-ல் 56 வயதில் அதே பட்டத்தை மறுபடி வென்றார். ஆக, வயது இந்த ஆட்டத்தில் சாதகமும் இல்லை, பெரிய பாதகமும் இல்லை. பின்னே எதுதான் தீர்மானிக்கிறது?

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: சுமார் 40 மீட்டர் நீளமுள்ள சமதளப் புல்தரை, அதை 5 மீட்டர் சொச்சம் அகலமுள்ள ஓடுபாதைகளாகப் பிரிப்பார்கள், ஒவ்வொன்றும் ஒரு 'ரிங்க்'. 60 சென்டிமீட்டர் நீளம், 36 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மிதியடியைப் போட்டு, அதில் நின்று ஜாக் என்னும் சிறிய வெள்ளை அல்லது மஞ்சள் பந்தை உருட்டிவிடுவார்கள். அது குறைந்தது 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பிறகு இரு தரப்பும் மாறி மாறிப் பெரிய பவுல்களை உருட்டி ஜாக்குக்குப் பக்கத்தில் நிறுத்தப் பார்க்கும். எல்லாப் பவுலும் தீர்ந்தால் ஒரு 'எண்ட்' முடிந்தது. எதிராளியின் மிக நெருங்கிய பவுலைவிட நெருக்கமாக உங்களுடையவை எத்தனை நிற்கின்றனவோ அத்தனை புள்ளி. அப்புறம் எதிர்த்திசையில் அடுத்த எண்ட். குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடும் விதி. சிக்கல் பவுலின் உருவத்தில் இருக்கிறது.

பவுல் முழு உருண்டை இல்லை. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிடச் சற்று வேறாக இழைக்கப்பட்டிருக்கும். இதற்கு 'பயாஸ்' என்று பெயர். ஒரு காலத்தில் லிக்னம் விட்டே என்ற கனமான மரத்தில் செய்தார்கள். சாய்வுக்காக ஈயம் வைத்ததும் உண்டு. இப்போது கடினமான பிளாஸ்டிக். சாய்வு முழுக்க வடிவத்திலிருந்து மட்டுமே வருகிறது. அதிகபட்ச எடை 1.59 கிலோ. பவுலின் இரு பக்கமும் வளையக் குறி இருக்கும். சின்ன வளையம் இருக்கும் பக்கம்தான் அது வளைந்து போகும் பக்கம். புதிதாக ஆடுபவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அதை மாற்றிப் பிடித்து உருட்டுவார்கள்; பவுல் ஜாக்கை விட்டு விலகிப் பக்கத்து ரிங்க்குக்குப் போய்விடும். உலகத்தரத்து ஆட்டக்காரர்களுக்கும் களைத்துப்போன நேரத்தில் இது நடந்திருக்கிறது.

வேகமாக ஓடும்போது பவுல் ஏறக்குறைய நேராகப் போகும். வேகம் குறையக் குறையத்தான் வளைவு கூடும். கடைசி சில மீட்டரில் கொக்கிபோல உள்ளே திரும்பும். ஆகவே ஜாக்கைப் பார்த்து உருட்டினால் ஜாக்குக்குப் போகாது. பக்கவாட்டில் ஒரு புள்ளியைக் குறிவைத்து, சரியான வேகத்தில் விட வேண்டும். வேகத்தை ஆட்டக்காரர்கள் 'வெயிட்' என்பார்கள், திசையை 'லைன்' என்பார்கள். இரண்டில் எது கடினம் என்பதற்குக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 27 மீட்டர் தூரத்தில் திசை ஒரு பாகை தவறினால் பவுல் ஏறக்குறைய 47 சென்டிமீட்டர் விலகும். விடும் வேகம் நூற்றுக்கு இரண்டு பங்கு கூடினால், ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், தூரம் நூற்றுக்கு நான்கு கூடும். அதாவது ஒரு மீட்டருக்கு மேல். இவ்வளவு மெல்லிய வேக வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்த முடியாது. தோளும் இடுப்பும் முழங்காலும் சேர்ந்து ஞாபகம் வைத்திருக்க வேண்டும். முதல் படியின் நீளம், கை பின்னால் போகும் உயரம், பவுலைத் தரையோடு தரையாக எவ்வளவு தாழ விடுகிறோம் என்பது, இந்த மூன்றும் ஒன்றாக நடந்தால்தான் அது கூடிவரும். பவுலைக் கொஞ்சம் உயரத்திலிருந்து 'தொப்'பென்று போட்டால் தரையில் மோதியே வேகம் போய்விடும். அப்படிப் போகும் அளவும் தடவைக்குத் தடவை மாறும். அதனால்தான் நல்ல ஆட்டக்காரர் விடும்போது சத்தமே கேட்காது.

இதுவரை சொன்னதில் பலம் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்றரைக் கிலோ பவுலை 27 மீட்டர் உருட்ட நடுத்தர வயது உடம்பு தாராளமாகப் போதும். இந்த அளவில், கேள்வி கேட்டவர் சொல்வது சரிதான்: ஓட்டப்பந்தயத்தில் 47 வயதில் நடக்காதது இங்கே நடக்கலாம். ஆனால் உடம்பு ஞாபகம் வைத்திருக்கும் அந்த வெயிட், தரை மாறினால் செல்லாது. இந்த விளையாட்டின் முழுக் கஷ்டமும் இங்கேதான் இருக்கிறது. வீலின் சாதனையையும் இங்கேதான் தேட வேண்டும்.

தரையின் வேகத்தை நொடியில் சொல்வார்கள். ஒரு பவுல் கையை விட்டு 27 மீட்டர் ஓடி நிற்க எத்தனை நொடி ஆகிறதோ அதுதான் அந்தத் தரையின் வேகம். நம் நினைப்புக்கு நேர்மாறாக, நொடி கூடினால் தரை வேகமானது என்று பொருள். ஏனென்றால் உராய்வு குறைந்த தரையில் மெதுவாக விட்டாலே பவுல் நெடுநேரம் ஓடிக்கொண்டிருக்கும். மழையில் ஊறிய பிரிட்டிஷ் புல்தரை 10 நொடியை ஒட்டி இருக்கும். உலர்ந்து இறுகி ஒட்ட வெட்டப்பட்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தரைகள் 15 நொடியைத் தொடும், தாண்டவும் செய்யும். உள்ளரங்கக் கம்பளமும் அந்தப் பக்கம்தான். 10 நொடித் தரையில் பவுல் கையை விட்டுக் கிளம்பும் வேகம் மணிக்கு 19 கிலோமீட்டர் அளவில் இருந்தால், 15 நொடித் தரையில் அது 13 கிலோமீட்டர்தான். இது வெயிட்டில் வரும் மாற்றம். லைன் இன்னும் மோசமாக மாறும்: வளைவின் அகலம் நொடியின் வர்க்கத்தோடு கூடுகிறது, அதாவது 10 நொடித் தரையில் ஒரு மீட்டர் வெளியே குறிவைத்தவர் 15 நொடித் தரையில் இரண்டேகால் மீட்டர் வெளியே குறிவைக்க வேண்டும். (இது சீரான உராய்வு என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மைத் தரையில் மேடு பள்ளம், புல் சாய்ந்திருக்கும் திசை, காற்று எல்லாம் இதைக் கலைக்கும். போக்கு மட்டும் இதுதான்.) மழைத்தரையில் வளர்ந்த ஒரு கை வெயில்தரையில் முதல் நாள் ஆடும்போது, பவுல்கள் ஜாக்கைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்து அதைப் பயந்து குறைத்தால் மூன்று மீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். வெளிநாடு போன அணிகள் முதல் இரண்டு நாள் தோற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வீலின் மூன்று பெரிய பட்டங்களையும் இப்போது திரும்பப் பாருங்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு தரை, மூன்று வெவ்வேறு ஆட்டம்.

1986 எடின்பரோவில் ஆட்டம் நடந்தது பால்கிரீன் புல்தரையில். ஸ்காட்லாந்துத் தரை, வேல்ஸ்காரருக்கு அந்நியம் இல்லை. ஆட்டம் நால்வர். நால்வர் ஆட்டத்தில் ஒருவருக்கு இரண்டே பவுல். ஒரு எண்டில் மொத்தம் 16 பவுல் உருளும், அதில் உங்கள் பங்கு இரண்டு. முதலில் ஆடும் 'லீட்' ஜாக்கைச் சரியான நீளத்துக்கு உருட்டி, தன் இரண்டையும் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் அவர் வேலை முடிந்தது. அவர் கலை முழுக்க வெயிட்தான். இரண்டாமவர் விழுந்த ஓட்டையை அடைப்பார், அல்லது ஜாக் பின்னால் தள்ளப்பட்டால் கைகொடுக்கும் என்று பின்னால் ஒன்றை விட்டுவைப்பார். மூன்றாமவர் எல்லா ஷாட்டும் தெரிந்தவர். எண்ட் முடிந்ததும் எத்தனை புள்ளி என்று எதிரணி மூன்றாமவரோடு பேசி முடிவு செய்பவரும் அவரே. கடைசியாக 'ஸ்கிப்', மறுமுனையில் நின்று மற்ற மூவருக்கும் எங்கே வேண்டும் என்று காட்டிக்கொண்டிருப்பவர், கடைசி இரண்டு பவுலை உருட்ட நடந்து வருவார். அந்தக் காலத்து வழக்கப்படி 21 எண்ட் என்றால் ஆளுக்கு 42 பவுல்தான். ஆனால் ஒரு எண்டில் உங்கள் இரண்டு பவுலை விட்டபின், அடுத்த எண்டில் முறை வரும்வரை பல நிமிடம் சும்மா நிற்க வேண்டும். சும்மா நின்று, கை சூடு தணிந்த பிறகு, அதே வெயிட்டை மறுபடி எடுப்பது தனி வித்தை. இளைஞர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அங்கேதான்.

1986 பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நிறவெறி தென்னாப்பிரிக்காவோடு பிரிட்டன் விளையாட்டுத் தொடர்பை வைத்துக்கொண்டதைக் கண்டித்து 32 நாடுகள் அந்தப் போட்டியைப் புறக்கணித்தன. ஆகவே அந்தத் தங்கங்களுக்கு மதிப்புக் குறைவு என்று சிலர் எழுதுவதுண்டு. தடகளத்துக்கும் குத்துச்சண்டைக்கும் அந்த வாதம் பொருந்தும். பவுல்ஸுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று இந்த ஆட்டத்தின் பழைய வீடுகள் வந்திருந்தன. ஜிம்பாப்வே போன்ற ஒன்றிரண்டு நல்ல அணிகள் இல்லை என்பது மட்டும் நிஜம். அதே போட்டியில் வேல்ஸ் பெண்களும் நால்வர் தங்கம் வென்றார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

2000-ல் வென்ற உள்ளரங்கப் பட்டம் வேறு உலகம். இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் ஹாப்டன் என்ற ஊரில் ஒரு விடுமுறை விடுதி. அதன் அரங்கத்துக்குள் தற்காலிகமாக ஒரே ஒரு ரிங்க் விரித்து, சுற்றிலும் ரசிகர்களை உட்காரவைத்து, டி.வி.க்காக ஆடும் ஆட்டம். காற்று இல்லை, மழை இல்லை, புல் இல்லை. அப்படியென்றால் எளிது என்று நினைக்கக் கூடாது. காற்று இல்லாததால் தப்புக்குச் சாக்கும் இல்லை. எதிராளியும் சென்டிமீட்டர் கணக்கில் வைப்பார். ஆக அங்கே வெல்ல வைப்பது பவுலை அருகில் வைக்கும் 'டிரா' மட்டும் அல்ல, ஜாக்கையே நகர்த்திக்கொண்டு போகும் துணிச்சலும்தான். அந்தப் பட்டத்தை வீலுக்கு முன் வேல்ஸுக்கு வாங்கிவந்தவர்கள் 1985-ல் டெர்ரி சல்லிவன், 1990-ல் ஜான் பிரைஸ்.

டெல்லி இந்த இரண்டிலும் சேராத இன்னொரு உலகம். 2010-ல் நால்வர் ஆட்டமே அட்டவணையில் இல்லை. ஒற்றையர், இருவர், மூவர் மட்டும். ஆக 1986 தங்கத்தைத் 'திரும்ப வென்றார்' என்று சொல்வது சரியில்லை, அவர் வேறொன்றை வென்றார். ஒற்றையரில் ஆளுக்கு நான்கு பவுல், கைகொடுக்க ஆள் கிடையாது. மறுமுனையில் நிற்கும் மார்க்கர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், யோசனை சொல்லமாட்டார். மேலும் அது செட் முறை: 9 எண்ட் கொண்ட இரண்டு செட், ஆளுக்கொன்று வென்றால் 3 எண்டில் டை-பிரேக். பழைய முறையில், முதலில் 21 புள்ளி எடுத்தவர் வெற்றி என்றபோது, ஆரம்பத்தில் 10 புள்ளி பின்தங்கினாலும் நிதானமாக ஏறி வரலாம். செட் முறையில் ஒரு எண்டில் 4 புள்ளி கொடுத்தால் அந்த செட் ஏறக்குறைய போனது. ஆனால் அடுத்த செட் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். டை-பிரேக் வந்துவிட்டால் 3 எண்டில், அதாவது ஆளுக்கு 12 பவுலில், எல்லாம் முடிந்துவிடும். சேதத்தைக் குறைக்கத் தெரிந்தவருக்கு இந்த முறை சாதகம். எதிராளியின் மூன்று பவுல் ஜாக்கைச் சுற்றி நிற்கும்போது, 'ஒன்று மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த எண்டுக்குப் போகலாம்' என்று இரண்டாவது இடத்துக்கு ஒரு பவுலைக் கொண்டுபோய் வைப்பது பார்க்க அழகாக இருக்காது. ஆனால் தோற்காமல் இருக்கும் கலை அதுதான்.

ஒரு ஷாட்டைக் கிட்டத்தில் பார்த்தால் இது விளங்கும். ஜாக்குக்கு இடப்பக்கம் எதிராளியின் பவுல் ஒரு சாண் தூரத்தில். உங்கள் கையில் கடைசிப் பவுல். வழி மூன்று. வளைத்துக்கொண்டு போய் ஜாக்கை ஒட்டி வைக்கும் டிரா. ஜாக்கைத் தாண்டி ஒரு மீட்டர் ஓடக்கூடிய வேகத்தில் போய் ஜாக்கை மெல்லத் தள்ளி உங்கள் பின்பவுல்களிடம் சேர்ப்பது. நேரே வேகமாக அடித்து எல்லாவற்றையும் சிதறவிடும் 'டிரைவ்'. டிரைவில் வளைவு ஏறக்குறைய இல்லாததால் லைன் எளிது போலத் தோன்றும். ஆனால் ஓர் அங்குலம் தவறினால் பவுல் எதையும் தொடாமல் தரையின் முனையில் இருக்கும் பள்ளத்தில் விழுந்துவிடும். அடிபட்டு ஜாக் ரிங்க்கைத் தாண்டிப் போனால் அந்த எண்டே செல்லாது, அல்லது விதிப்படி ஜாக்கைக் குறித்த இடத்தில் திரும்ப வைப்பார்கள். உருண்டு போகும்போதே ஜாக்கைத் தொட்ட பவுலுக்குச் சாக்பீஸ் குறி போடுவார்கள். அது பிறகு பள்ளத்தில் விழுந்தாலும் ஆட்டத்தில் உயிரோடு இருக்கும், தொடாதது விழுந்தால் செத்தது. இத்தனையையும் சில நொடியில் கணக்குப் போட்டுத்தான் கை பின்னால் போகிறது. எண்ட் முடிவில் இரண்டு பவுல் சமதூரம் போலத் தெரிந்தால் அளவுகோல் நாடா வரும். ஏதாவது ஒரு பவுல் சாய்ந்து விழத் தயாராக இருந்தால், அது விழுகிறதா என்று 30 நொடி காத்திருக்கலாம் என்று விதியே இருக்கிறது. அந்த 30 நொடியில் பார்வையாளர் கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதைக் காட்டினால் போதும், 'இது பொழுதுபோக்கு' என்ற பேச்சு நின்றுவிடும்.

தரை மாற்றத்துக்கு வேல்ஸ்காரர்கள் ஏன் தோதானவர்கள் என்பதற்கு ஒரு சாதாரண காரணம் உண்டு: பருவம். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை புல்தரை, அக்டோபரிலிருந்து உள்ளரங்கம். ஆக வருஷத்துக்கு இரண்டு தடவை வெயிட்டையும் லைனையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. இருபது வருஷம் ஆடியவருக்கு இது நாற்பது தடவை நடந்திருக்கும். வேல்ஸ் பவுலிங் சங்கம் 1904-ல் தோன்றியது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மோதும் தொடர் ஆரம்பித்துவிட்டது. (இங்கிலாந்து சங்கத்தின் முதல் தலைவர் கிரிக்கெட் தாடிக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ்தான் என்பது கூடுதல் சுவாரசியம்.) வெளித்தரையில் வேல்ஸ் தேசியப் போட்டிகளின் மையம் லாண்ட்ரின்டாட் வெல்ஸ், பிரஸ்டீனும் அதே ராட்னர்ஷயர் பகுதிதான். கிளப், மாவட்டம், தேசியப் பட்டம், பிறகு நான்கு நாட்டுத் தொடர், அதற்கும் மேலே காமன்வெல்த் என்பதுதான் ஏணி. நான்கு நாட்டுத் தொடரில் ஒரு நாட்டுக்கு ஆறு நால்வர் அணி, அதாவது 24 பேர். காமன்வெல்த்துக்கு டெல்லியில் ஆண்கள் ஆறே பேர். இந்தக் குறுகிய வாசலில் 24 வருஷ இடைவெளியில் இரண்டு முனையிலும் நின்றார் என்பதே, தங்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், கணக்கில் வைக்க வேண்டியது.

வட வேல்ஸ் கடலோரத்தில் ஆடப்படும் கிரவுன் கிரீன் பவுல்ஸ் வேறு ஆட்டம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதில் தரை நடுவில் மேடு, ஜாக்குக்கும் சாய்வு உண்டு, ரிங்க் கிடையாது, எந்தத் திசையிலும் ஆடலாம். 'வேல்ஸ் பவுல்ஸ் வீரர்' என்று தேடினால் இரண்டு உலகமும் கலந்து வரும், பட்டங்களைக் கூட்டிவிடாதீர்கள். 'உலக சாம்பியன்' என்ற சொல்லும் அப்படித்தான். ஹாப்டன் உள்ளரங்கப் பட்டம் வருஷாவருஷம் நடப்பது. வெளித்தரை உலகப் போட்டி பொதுவாக நான்கு வருஷத்துக்கு ஒருமுறை. வேல்ஸ் சார்பில் வெளித்தரை ஒற்றையர் உலகப் பட்டம் வென்றவர்கள் 1972-ல் வொர்திங்கில் மால்ட்வின் எவன்ஸ், 1988-ல் ஆக்லாந்தில் ஜேனட் ஆக்லண்ட். அயர்லாந்தின் கதை இன்னும் குழப்பம்: உலகப் போட்டியில் முழு அயர்லாந்தும் ஒரே அணி, காமன்வெல்த்தில் வட அயர்லாந்து மட்டும்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. 47 வயதில் ஏன் முடிந்தது என்பதற்கு அனுபவம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். நானும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நாம் பார்ப்பது தாக்குப்பிடித்து நின்றவரை. முப்பத்தைந்தில் வெயிட் கைவிட்டுப் போய் ஒதுங்கியவர்களின் பட்டியல் யாரிடமும் இல்லை. இந்த ஆட்டத்தில் 'யிப்ஸ்' என்று ஒரு நோய் உண்டு: கை முன்னால் வரும், விரல்கள் பவுலை விட மறுக்கும், அல்லது கடைசி நொடியில் வெட்டும். கைப்பிடியை மாற்றுவது, நின்ற இடத்திலிருந்தே விடுவது என்று பல வைத்தியம் சொல்வார்கள். எல்லாருக்கும் பலிப்பதில்லை. அதிலிருந்து தப்பியது வீலின் திறமையா அதிர்ஷ்டமா என்று வெளியே இருந்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பதக்கப் பட்டியல் 'என்ன' என்பதைச் சொல்லும். 'ஏன்' என்பது எப்போதும் ஊகம்தான்.

வயது எதையுமே எடுப்பதில்லை என்றும் நினைக்க வேண்டாம். ஒற்றையரில் 18 எண்ட் என்றால் 72 தடவை குனிந்து ஒரு காலை முன்வைத்து விட வேண்டும். ஒவ்வொரு எண்டுக்கும் முப்பது மீட்டர் நடை தனி. போட்டி நாட்களில் ஒரே நாளில் இரண்டு ஆட்டமும் வரும். முதலில் முறையிடுவது முன்காலின் முழங்கால். முழங்கால் வளைய மறுத்தால் பவுல் உயரத்திலிருந்து விழும், மேலே சொன்னபடி வெயிட் சிதறும். இரண்டாவது, டிரைவ், வேகம் குறையாவிட்டாலும் குறி அலையும். இதை அறிந்த மூத்த ஆட்டக்காரர்கள் டிரைவ் தேவைப்படும் நிலைமையே வராதபடி ஆட்டத்தை நடத்துவார்கள்: மிதியடியை முன்னால் நகர்த்திப் போட்டு, எதிராளிக்குப் பிடிக்காத நீளத்துக்கு ஜாக்கை உருட்டி, பின்னால் எப்போதும் ஒரு காவல் பவுலை வைத்துக்கொண்டு. மிதியடியை நான்கு மீட்டர் முன்னால் போட்டாலே, பழகிய தடம் மாறி, எதிராளி லைனைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கும். விதி அனுமதிக்கும் இந்தச் சின்ன ஆயுதத்தைப் புதியவர்கள் கண்டுகொள்வதே இல்லை. 2022 பர்மிங்ஹாம் போட்டியில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான இருவர் ஆட்டத்தில், வழிகாட்டியாக நின்று வாயால் திசை சொன்ன ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் மில்லர் 75 வயதில் தங்கம் பெற்றார். இறுதியில் தோற்றது வேல்ஸ் அணிதான்.

வீலுக்குப் பின் வேல்ஸ் என்ன ஆனது என்று பார்க்க விரும்பினால் டேனியல் சால்மன் என்ற பெயரைப் பின்தொடருங்கள். 2018 கோல்ட் கோஸ்டில் மார்க் வயட்டோடு இருவர் தங்கம். இறுதியில் 12-10 என்று வீழ்த்தியது ஸ்காட்லாந்தின் அலெக்ஸ் மார்ஷல், பால் ஃபாஸ்டர் ஜோடியை. அந்த ஜோடியை இறுதி ஆட்டத்தில் அடித்துப் போடுவது சின்ன விஷயம் இல்லை. 2022-ல் துணை மாறியது, ஜாரட் பிரீன் வந்தார், தங்கம் மாறவில்லை. முதலாவது ஆஸ்திரேலிய வெயில்தரை, இரண்டாவது லெமிங்டன் விக்டோரியா பூங்காவின் ஆங்கிலப் புல். நால்வர் ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் வாங்கியதும் அதே பூங்காவில்தான். அந்த ஆட்டத்தின் காணொளி கிடைத்தால் பவுலைப் பார்க்காதீர்கள், மறுமுனையில் ஸ்கிப் எங்கே கையைக் காட்டுகிறார், மிதியடி எண்டுக்கு எண்டு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். 2026 கிளாஸ்கோவுக்கான ஏற்பாட்டில் பவுல்ஸ் உள்ளரங்கத்துக்குள், கம்பளத்தின் மேல் என்று வைத்திருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்கக் கம்பளத்தில் ஆடும் வேல்ஸ்காரர்களுக்கு அது பழகிய வீடு, வெயில்தரையிலேயே வளர்ந்தவர்களுக்கு இல்லை.